தீனித் தட்டுக்கு ஒரு சட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம், என் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தான் நலமா? குறட்டையே விடுவதில்லை என்று இன்னும் சாதிக்கிறாரா?

"குளிர் வருது, தனியா கிடந்து என்னடா பண்ணப்போறே? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு" என்று நீ கூப்பிட்டபோது, நீ அனுப்பிய பைனாகுலரும் குருவித் தீனித் தட்டும் இருக்கையில் எனக்கென்ன தனிமை என்று வீறாப்பாகச் சொன்னேன். அதெல்லாம் காற்றில் போயிற்று. தோட்டத்துச் சுவரில் வாலாட்டிக்கொண்டிருந்த ஒரு குருவியைப் பார்க்கப் பைனாகுலரைத் தூக்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டு டீச்சரம்மா துணி காயப்போட வந்தார். "பெரியவரே, உங்க வயசுக்கு இது அழகா?" என்றார். "குருவியைப் பார்த்தேம்மா" என்றேன். சாட்சி சொல்ல வேண்டிய குருவி அதற்குள் பறந்துவிட்டது.

சரி, தட்டையாவது கவனிப்போம் என்றால், போட்ட தானியமெல்லாம் ஓர் அணிலின் வயிற்றுக்குத்தான். அது ஏறாமலிருக்கத் தட்டைத் தாங்கும் கம்பத்தில் எண்ணெய் தடவினேன். வழுக்கி விழுந்தது நான். விடுவேனா? காலமெல்லாம் தையல் மெஷினை மிதித்தவனாயிற்றே! கம்பளித் துணிக்குள் பஞ்சு வைத்து, குருவித் தலை மட்டும் நுழையும்படி கழுத்து வெட்டி, தட்டுக்கு ஒரு சட்டை தைத்து மாட்டினேன். குருவிகள் அதைக் கண்டு மிரண்டு கிட்டவே வரவில்லை. அணிலோ தையலைப் பிரித்து, பஞ்சை வாய் நிறையக் கவ்விக்கொண்டு போய்விட்டது. என் தையலில் இதுவரை எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை, அக்கா.

போதும். உண்மையைச் சொன்னால், என் வீட்டுக்காரி போனபின் வரும் முதல் குளிர்காலம் இது. சாயங்காலமானால் பேச ஆளில்லாமல் வீடு பெரிதாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்குத் திட்டித் தீர்க்க வசதியாக என் தலை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: பயணத்துக்கென்று கொட்டகையில் தொங்கிய கம்பளிக் கோட்டை எடுக்கப் போனேன். கோட்டுப் பைக்குள் கையை விட்டால் ஏதோ சூடாக நெளிந்தது. அதே அணில்! என் பஞ்சையெல்லாம் உள்ளே திணித்து, கண் திறக்காத குட்டிகளோடு படுத்திருக்கிறது. டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குட்டி பெருசாகுற வரைக்கும் கோட்டைத் தொடக்கூடாது" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, வேர்க்கடலை கொண்டுவரப் போயிருக்கிறார். வீட்டில் பச்சைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எப்படி வருவேன்? நீயும் அத்தானும் இங்கே வந்துவிடுங்கள். வரும்போது அத்தானின் பழைய கோட்டு ஒன்று எடுத்து வா. பைகளை நானே தைத்து மூடிக்கொள்கிறேன்.