பல் டாக்டர் போடச் சொன்ன கோட்டிங்

நாலு பேரைக் கேட்டுச் செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அடக்கமானவர்கள், நல்லவர்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. மனத்துக்குள் முடிவை எப்போதோ எடுத்துவிட்டு, அதே முடிவு இன்னொருவர் வாயிலிருந்து வரும்வரை கண்ணில் படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி விசாரிக்கிறார்களே, அந்த இனம் வேறு.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கராக இருப்பவர் அந்த இனத்தின் தலைமகன். அங்கே அவருக்கு 'அபிப்பிராயம்' என்றுதான் பெயர். லிஃப்டில் போவதா படியேறுவதா என்று கூட வருகிறவர்களிடம் கேட்பார். எல்லோரும் படி என்று சொன்னதும் லிஃப்டில் ஏறிக்கொள்வார்.

அவர் மனைவி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தன் சம்பளத்தில், தன் பெயரில், யாரையும் கேட்காமல் கருநீலக் கார் ஒன்று வாங்கினார். கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்றே அபிப்பிராயத்தின் மனத்தில் செராமிக் கோட்டிங் புகுந்துவிட்டது. பெயின்டின் மேல் கண்ணாடி போலப் படிந்து, வருஷக்கணக்காகப் பளபளப்பைக் காக்கிற பூச்சு. போட்டே தீருவது என்று தீர்மானித்துவிட்டார். ஆனால் தானே சொன்னால் அது ஆசை. வேறொருவர் சொன்னால்தானே அது அறிவு?

"போடற வரைக்கும் வண்டிய வெளியே எடுக்காதே. தூசி உக்காந்துட்டா பூச்சு எப்படி ஒட்டும்?" என்று சாவியை அலமாரியில் வைத்துவிட்டார். புதுக் காரை வாசலில் நிறுத்திவிட்டு ஆசிரியை பஸ்ஸில் போனார்.

விசாரணை தொடங்கியது. எதிர்வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், "ஒழுங்கா கழுவித் தொடச்சா போதும் சார்" என்றார். ஓட்டத் தெரிந்தவருக்கு பெயின்டைப் பற்றி என்ன தெரியும்! மைத்துனர், "நிழல்லதானே நிக்குது? வீண் வேலை மாமா" என்றார். அது பொறாமை. அலுவலக மேலாளர், "நானே போட்டிருக்கேன். பளபளன்னுதான் இருக்கு. ஆனா கல்லு பட்டா கீறல் விழத்தானே செய்யுது?" என்றார். மட்டமானதைப் போட்டிருப்பார். போடாதவர் சொன்னாலும் செல்லாது, போட்டவர் சொன்னாலும் செல்லாது. பிறகு யார் சொன்னால்தான் செல்லும்?

பல் டாக்டர் சொன்னால் செல்லும்.

கடைவாய்ப் பல் குடைச்சலோடு போனவர், வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தபோதும் சும்மா இருக்கவில்லை. "கோக்கிங் கோகலாமா டாக்கர்?"

"தாராளமா போடலாம். போட்டாத்தான் பல வருஷம் தாங்கும். இல்லேன்னா உள்ளே அரிச்சுக்கிட்டே போகும்."

வீங்கிய கன்னத்தில் வெற்றிச் சிரிப்போடு வீடு திரும்பினார்.

"டாக்டரே சொல்லிட்டார். போட்டே ஆகணுமாம்!"

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

ஆசிரியை விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போட்டுடுங்க."

அபிப்பிராயம் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் சொல்வதற்குப் பதில்கள் வரிசையில் நின்றன. சரி என்றால் என்ன சொல்வது? இவள் ஏன் உடனே ஒத்துக்கொண்டாள்? இதில் ஏதோ இருக்கிறது.

"அவசரப்பட வேணாம். இன்னும் ரெண்டு பேரக் கேட்டுட்டு..."

ஆசிரியை எழுந்துபோய் அலமாரியைத் திறந்து சாவியை எடுத்தார். "நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. மழையில பஸ்ஸுக்கு நின்னு எனக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்."

"ஐயோ, சேறு படுமே!"

"படட்டும். ஓட்டத்தான் வாங்கினேன்."

பொழுது சாய்ந்து திரும்பிய கார் ஜன்னல்வரை சேறு பூசியிருந்தது. பின்கதவில் நகம் நீளத்துக்கு ஒரு கீறலும் விழுந்திருந்தது. இறங்கிய ஆசிரியையின் முகத்திலோ அப்படியொரு தெளிச்சி. மூக்கடைப்போடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். கீறலைத் தடவ நீண்ட அபிப்பிராயத்தின் கை பாதியில் நின்றது. அவள் கார், அவளையே ஓட்டவிடாமல் செய்துவிட்டோமே என்று முதல்முறையாக உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டைவரை வந்தும்விட்டது.

வாசலிலேயே நின்று மைத்துனருக்கு போன் போட்டார். "மாப்ள, உங்கக்காகிட்ட மன்னிப்புக் கேக்கலாமா, வேணாமா? உன் அபிப்பிராயம் என்ன?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒருவேளை நாமும் இப்படித்தானோ என்று லேசாக உறுத்தினால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மட்டும் செருப்பை மாட்டாதீர்கள்.