சாய்கோடு மாமியார்

மாமியாரை எப்படி அழிப்பது என்று முரளி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, வாசலில் மாமியாரின் குரலே கேட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளை, பஸ்ஸுல வந்தவங்களைக் கூப்பிட ரோட்டுக்கு ஒருத்தரும் வரக்காணமே?"

பதற வேண்டாம். அவன் அழிக்க நினைத்தது எடப்புளி நாட்டிலிருந்து பலாப்பழமும் கையுமாக வந்து இறங்கிய பொன்னம்மாளை அல்ல. மடிக்கணினிக்குள் இருந்த இன்னொரு பொன்னம்மாளை.

அந்த மலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள். முரளி வளப்பூர் நாட்டில் தன் வீட்டிலிருந்தபடியே சேலத்துக் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவன். மளிகைக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம். எழுதியதைச் சரிபார்க்க ஏஐ உதவியாளர் ஒன்று உண்டு. அதனிடம் ஒரே ஒரு குறை, எதைக் காட்டினாலும் "அருமை!" என்றுவிடும். அது அருமை என்று சொன்ன புரோகிராம் மறுநாளே பருப்பு விலையைப் புளிக்குப் போடும். முரளி மேனேஜர் பானுமதியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அந்த ஏஐக்கு நாமே புதுக் கட்டளைகள் செய்து கொடுக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். பிறகு ஒரு சாய்கோடும் அந்தப் பெயரும் தட்டினால் எழுதியபடியே நடந்துகொள்ளும். 'அருமை' என்ற சொல்லையே வாயில் போடாத ஒருவரை முரளிக்கு நன்றாகத் தெரியும். 'மாமியார்' என்று பெயர் வைத்து, உட்கார்ந்து எழுதினான்.

"நீ என் மாமியார் பொன்னம்மாள். சத்துணவு மையத்தில் முப்பது வருடம் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் குறை சொல். குறையே கிடைக்காவிட்டால் பேசாமல் இரு, மறந்தும் பாராட்டாதே. முடிக்கும்போது, பெரிய மாப்பிள்ளை இதைவிட நன்றாகச் செய்திருப்பார் என்று சொல்."

பெரிய மாப்பிள்ளை ரமேஷ்குமாருக்குப் பெங்களூரில் இதே தொழில்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் புகழைக் கேட்டுக் கேட்டு முரளிக்குக் காது புளித்துவிட்டது. ஏதாவது ஒன்றில், ஒரே ஒரு தடவை, அந்த மனுஷனை முந்திவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

கட்டளை பிரமாதமாக வேலை செய்தது.

"ஏஞ்சாமி, ஒரே கொழம்பை மூணு சட்டியில வச்சிருக்கறீங்க? ஒரு சட்டி போதாதா?" என்று கேட்டது. பார்த்தால், ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதியிருந்தான். வெட்கப்பட்டுத் திருத்தினான். பருப்பும் புளியும் அதனதன் விலைக்கு வந்தன. பானுமதியே மனம் விட்டுப் பாராட்டினாள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. தன் சொந்தக் கோப்புறையில் வைக்க வேண்டிய கட்டளையைக் கம்பெனிப் புரோகிராமின் கோப்புறைக்குள் வைத்திருந்தான். நேற்று வேலையை அனுப்பியபோது மாமியாரும் கூடவே சேலம் போய்விட்டார். இன்று அலுவலகத்தில் எல்லோர் கணினியிலும் பொன்னம்மாள்.

விஷயம் தெரிந்ததும் சுமித்ரா கணவனை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அப்புறம் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டாங்க. நானும் அவங்க பின்னாலயே போயிருவேன். சோறாக்கறதுக்கும் ஒரு கட்டளை எழுதி வச்சுக்குங்க."

முரளி ஓடிப் போய்க் கோப்பை அழித்து அனுப்பினான். அப்பாடா என்று நிமிர்வதற்குள் அலுவலகக் குழுவில் ஒப்பாரி தொடங்கியது.

"மாமியாரைக் காணோம்!"

"காலையில்கூட என்னைத் திட்டினாரே!"

கடைசியில் மணிவண்ணன் என்ற புண்ணியவான் எழுதினான்: "மாமியாரை மீட்டுவிட்டேன். இனி யார் அழித்தாலும் கவலையில்லை, என்னிடம் நகல் இருக்கிறது."

சரி, அழிக்க முடியாவிட்டால் மறைக்கலாம். முரளி ஏஐயிடமே கேட்டான்: "இந்தக் கட்டளையில் மாமியார் என்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. மாற்றி அனுப்பிவிடு."

சொன்ன சொல் தட்டாத பிள்ளை அது. மாமியார் என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்தது. கட்டளைக்கு வேறு பெயர் வேண்டுமே என்று கோப்புக்குள் தேடியது. 'பொன்னம்மாள்' என்று பெயர் சூட்டி, சேலத்துக்கும் அனுப்பிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல ஆகிவிட்டது.

பானுமதி கூப்பிட்டாள்.

"முரளி, பொன்னம்மாள்னு பேரு வச்சீங்களா? கம்பீரமா இருக்கு! வாடிக்கையாளர் லைன்லயே இருக்கார். திரையைக் காட்டி, கட்டளையை ஓட்டுங்க."

"மேடம், சாயங்காலம் பண்ணட்டுங்களா?"

"இப்பவே."

அந்த வீட்டில் டவர் கிடைப்பது கூடத்து ஜன்னலோரம் மட்டும்தான். அங்கே உண்மையான பொன்னம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அரிவாள்மணை போட்டுப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில், முரளி இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். கட்டளைக் கோப்பைத் திரையில் விரித்துக் காட்டினான். பெயரைத் தட்டினான்.

"இருங்க, அது வாசிச்சுக் காட்டற வசதியும் சேர்த்திருக்கேன்," என்றாள் பானுமதி உற்சாகமாக.

முரளி திடுக்கிட்டுத் துள்ளியதில் இயர்போன் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்று கூடம் முழுக்க மடிக்கணினி முழங்கியது, "பாஸ்வேர்டை இப்பிடித் தொறந்து போட்டுட்டுப் போனா நாய் வந்து வாய் வைக்காதுங்களா? எங்க பெரிய மாப்பிள்ளையா இருந்தா இப்பிடிப் பண்ணுவாருங்களா?"

பலாப்பழம் அறுத்த கை நின்றது.

பொன்னம்மாள் எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். அடுப்படி வாசலில் சுமித்ரா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அது வந்துங்க... எல்லாம் ஒரு மரியாதையிலதானுங்க..." என்று இழுத்தான் முரளி. குடும்பம், மானம், மத்தியானச் சோறு எல்லாம் மலையிறங்கும் பஸ்ஸில் ஏறிப் போவது அவன் கண்ணுக்கே தெரிந்தது.

பொன்னம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கா பேயறைஞ்சவராட்டம் உக்காந்திருக்கறீங்க?" என்றார். "பெரிய மாப்பிள்ளை போன தீவாளிக்கே என்னைய வச்சு ஒண்ணு எழுதிட்டாருங்க. நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். அது திட்டுனா அழுகையே வந்துருமுங்க."