மஞ்சள் கோட்டு

அந்த மாலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒரு பெரிய கம்பெனியின் பாதுகாப்பு மேலாளர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மேலாளரின் அக்கா. வேறு யாரும் இல்லை. பிறகு ஊரெல்லாம் கூட இருந்து பார்த்ததுபோல் பேசியதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. என்ன வேலை என்று அக்கா கேட்டதில்தான் வினை.

"கம்பெனிக்காரங்களே எங்களைக் கூப்பிடுவாங்க அத்தை. அவங்க கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து, எங்க ஓட்டை இருக்குன்னு காட்டணும்."

"அதுக்குப் பேரு திருட்டு," என்றார் மேலாளர்.

"அனுமதியோட பண்றதுப்பா."

"அனுமதிதான் இருக்கே, பெல் அடிச்சுட்டுப் போயேன்."

அவர் வம்சத்தில் அடுத்தவர் கதவை யாரும் தட்டாமல் திறந்ததில்லை. பெண்கள் வேலைக்கும் போனதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஒரு வேலைக்கான உத்தரவோடு வந்து நின்றபோது, குடும்ப மரியாதை என்று சொல்லி அதை மடித்து வைக்கச் செய்தவர் அவர். மகளிடம் கொஞ்சம் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். முதல் வேலையில் பிடிபடாமல் புகுந்து காட்டினால் அவளை எடுத்த நிறுவனம் அவளை நிரந்தரமாக்கும்; அவரும் தடுக்கமாட்டார். பிடிபட்டால் அவள் அதை விட்டுவிட்டு, அப்பா கை காட்டும் இடத்தில் குமாஸ்தாவாக உட்கார வேண்டும். மகள் சரி என்றாள்.

"அதுவரைக்கும் கேக்கிறவங்களுக்கு என்னடா சொல்றது?" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் ரிப்பேர்."

அடுத்த வாரமே சொந்தக்காரர் வீடுகளில் செத்துக் கிடந்த லேப்டாப்புகளெல்லாம் அவர் கூடத்தில் வந்து குவிந்தன. அக்காவே ஒரு பிரிண்டரைத் தூக்கி வந்தாள். "ரொம்ப நாளா இருமிட்டே இருக்கு. என்னன்னு பாக்கச் சொல்லு."

மேலாளருக்கு உட்கார இடமில்லை. மனைவி காபியை நின்றபடியே குடிக்கக் கொடுத்தாள்.

"ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்குமே, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர், அதைச் சோதிக்கிற வேலைன்னு சொல்லிடுங்களேன். அதை யாரு வீட்டுக்குத் தூக்கிட்டு வரப் போறாங்க?"

காபி தீர்வதற்குள் அந்த யோசனை அவருடையதாகிவிட்டது. அலுவலகத்தில் வரவேற்பு மேசை முதல் வாட்ச்மேன் வரை சொல்லிவைத்தார்.

அலுவலகம் நம்பியது. கொஞ்சம் அதிகமாகவே நம்பியது.

"கோட்டு, தொப்பி எல்லாம் தருவாங்களா சார்?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"தராம?"

"போட்டோ காட்டுங்களேன்."

வீட்டுக்கு வந்து புலம்பினார். "ஒண்ணு வாங்கிப் போட்டு எடுத்துட்டா ஆச்சு. மானம் பெருசா, கோட்டு பெருசா?" என்றாள் மனைவி. அவரே கடைக்குப் போய், மகளின் தோள் அளவைக் கையால் காட்டி, மஞ்சள் கோட்டும் தொப்பியும் வாங்கினார். போட்டோ அலுவலகம் முழுக்கச் சுற்றியது.

சில நாட்கள் கழித்து ஒரு காலை. வாட்ச்மேன் அவர் அறை வாசலில் விறைப்பாக நின்றான்.

"சார், பாப்பா வந்திருக்கு. சிலிண்டர் பாக்க."

பின்னால் மஞ்சள் கோட்டு. அதன் பின்னால், மேலாளரின் மகளைப் பார்க்க வந்த பாதி அலுவலகம்.

"இங்க எங்க வந்தே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேலைக்குப்பா," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"என் ஆபீஸ்தான் கிடைச்சுதா?"

"நான் சிலிண்டர் ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இப்படியே போயிடறேன். குமாஸ்தா வேலைக்கும் வந்துடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவள் பிடிபடுவாள், அவர் ஆசைப்பட்டதும் நடக்கும். கணக்குப் பிரிவுக்காரர் கைப்பேசியில் அந்தப் போட்டோவையும் எதிரே நின்ற கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எதிரே பூட்டியிருந்த அறைக்கு நடந்தார். கம்பெனியின் மொத்தக் கணினியும் அடங்கிய அறை அது. தன் கையெழுத்தில்லாமல் அங்கே கொசுகூட நுழையாது என்பது அவர் பெருமை. அவரே திறந்தார். அவரே கதவைப் பிடித்துக்கொண்டும் நின்றார்.

"உள்ள ஒரு சிலிண்டர் இருக்கும்மா. நல்லாப் பாரு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் நன்றாகவே பார்த்தாள். மாலைக்குள் முதலாளியின் கடவுச்சொல் முதலாளியிடமே போய்ச் சேர்ந்தது.

"உங்க பொண்ணுன்னு தெரிஞ்சுதான் வரச் சொன்னேன். அவகிட்டயாவது கறாரா இருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார் முதலாளி. மகள் நிரந்தரமானாள். கவனக்குறைவான ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் மேலாளரைச் சேர்த்தார்கள். பாடம் எடுப்பவள் மகள்.

செய்தி சொந்தக்காரர்களிடம் பரவியது. பெற்ற தகப்பனையே மகள் ஏமாற்றினாள் என்று. அக்கா அதைச் சுமந்துகொண்டு அதே மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

"எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. பொய் சொல்ல எங்கதான் கத்துக்கிட்டாளோ."

மனைவி அவளுக்குத் தட்டு வைத்தாள்.

"தப்பு அண்ணி. அவளுக்குப் பொய்யே வராது. சிலிண்டரும் கோட்டும் என் யோசனை. அவ சேர்ந்த நிறுவனத்துல எங்க ரெண்டு பேரையும்தான் எடுத்திருக்காங்க. நான் வெளியில போறதில்ல, வீட்ல இருந்தே பாக்கறேன். குடும்ப மரியாதைன்னு ஒண்ணு இருக்கே."