உறிஞ்சும் மெஷினும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும்

இனிமேல் செத்தாலும் பெண்டாட்டியிடம் பேரம் பேசுவதில்லை என்று சேலையூர் யேசுதாசன் சபதம் எடுத்தபோது, அவருடைய தலை சோபாவுக்கு அடியில் இருந்தது. கையில் ஈர மாப். இடுப்பில் பிடிப்பு. நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

மற்ற எவனிடமும் அவர் தோற்றவர் இல்லை. மூடிப்போன கம்பெனிகளின் மேஜை, நாற்காலி, பீரோக்களை வாங்கி விற்கிற தொழில். கேம்ப் ரோட்டில் கடை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஏமாந்து, அடிபட்டு, மறுபடியும் ஏமாந்து கற்றுக்கொண்ட வியாபாரம். எவன் என்ன விலை சொன்னாலும் "பாதிக்கு வா" என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை. இரண்டாவது வருவது கோபம். மூன்றாவது, "வேணாம் போ" என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவது. நடந்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து "அண்ணா, வாங்கண்ணா" என்று குரல் வரும். வராமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் கைக்கு மாப் எப்படி வந்தது? வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த கங்கையம்மாள், மகள் பிரசவத்துக்கு என்று ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை காபியோடு எதிரே வந்து நின்றாள் மனைவி செல்வமேரி.

"எனக்கு முட்டி வலி தாங்கலைங்க. இனிமே தினமும் நீங்கதான் தரை துடைக்கணும்."

"தினமுமா? இன்னா, விளையாடுறியா?"

"சரி, வாரத்துல பாதி நாள்."

"முடியாதுன்னா முடியாது! ஒரே நாள். ஞாயித்துக்கிழமை. இஷ்டம்னா பாரு, இல்லைன்னா ஆளை விடு."

செல்வமேரி பெருமூச்சு விட்டாள். பெரிய நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி மெதுவாகத் தலையாட்டினாள். யேசுதாசன் மீசையைத் தடவிக்கொண்டே கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி தூக்கும்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் அவர் துடைத்துக்கொண்டிருந்தது ஒரு நாள்கூடக் கிடையாது!

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ஷட்டர்மேல் காட்டினார்.

ஞாயிறு அவருக்கு லேசுப்பட்ட நாள் இல்லை. வாரம் முழுக்க லோடு ஏற்றி, இறக்கி, கத்தி, தொண்டை கட்டி, அந்த ஒரு நாள்தான் கோயிலுக்குப் போய், மட்டன் குழம்பு சாப்பிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து படுப்பார். அந்த ஒரு தூக்கத்துக்காகத்தான் மனிதர் மற்ற நாளெல்லாம் முழித்துக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கத்தில்தான் இப்போது மாப்புத் தண்ணீர்.

இப்படி ஏழெட்டு ஞாயிறு இடுப்பொடிந்து கிடந்த சமயத்தில்தான் படப்பையிலிருந்து அத்தாவுல்லா பாய் போன் செய்தார். அவரும் இதே பழைய சாமான் வியாபாரிதான். குடோனில் ஒரு மூலையில் அது நின்றுகொண்டிருந்தது. கீழே வட்டமாக ஒரு வயிறு. மேலே நீளமான கைப்பிடி. முதுகில் இரண்டு தொட்டி.

"இன்னா பாய் இது? காலொடிஞ்ச ரோடு ரோலர் மாதிரி கீது."

"தரை துடைக்கிற மெஷின்ணா. ஒரு ஓட்டலை மூடினாங்க, அங்க எடுத்தது. முன்னாடி சோப்புத் தண்ணி விடும். நடுவுல பிரஷ் சுத்தும். பின்னாடியே அழுக்குத் தண்ணிய உறிஞ்சிக்கும்."

"முதல்ல தண்ணி விடும். அப்புறம் நம்மளைச் சுத்திச் சுத்தி வரும். கடைசில உறிஞ்சிடும். என் வூட்டுக்காரின்னு சொல்லு."

"அக்கா காதுல விழுந்துடப் போவுதுண்ணா."

பாய் சிரித்தார். யேசுதாசன் சிரிக்கவில்லை. அவருக்கு மூளையில் ஏதோ ஒன்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. இதற்குக் குனிய வேண்டாம். முட்டி மடக்க வேண்டாம். நின்றபடியே ஓட்டலாம். அப்படியானால் முட்டி வலி என்று மேரி எப்படிச் சொல்லுவாள்? மெஷினை அவள் தலையில் கட்டிவிட்டால் ஞாயிறு மறுபடி நம்முடையது!

பேரம் பேசத்தானே கூடாது என்று சபதம்? விற்கக்கூடாது என்று சபதம் இல்லையே!

"பாதிக்கு வா" என்றார். கத்தினார். "வேணாம் போ" என்று நடந்தார். குட்டியானை வண்டியில் மெஷின் ஏறியது.

வீட்டு வாசலில் இறக்கும்போதே செல்வமேரி வந்துவிட்டாள்.

"என்னங்க இது? கடையில இடமில்லையா?"

"உனக்காக மேரி. உன் முட்டிக்காக."

"எனக்கு வேணாங்க." சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

யேசுதாசன் பின்னாலேயே ஓடினார். தான் எத்தனையோ பேரை இப்படி ஓடவிட்டிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"மேரி, கொஞ்சம் கேளும்மா!"

"அவ்ளோ கனத்தை யார் தள்றது?"

"தள்ளவே வேணாம். தானா நகரும். சும்மா கையை வச்சுகினு இருந்தா போதும்."

"இடுப்பு வலிக்குமே."

"இடுப்பு வலி உள்ளவங்களுக்குன்னே செஞ்சதுதான் இது!"

"களைச்சுப் போயிடுமே."

"களைப்பா? வேலை முடிஞ்சதே தெரியாது. ஓட்டிட்டு வந்து உக்காந்தா, இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும்."

செல்வமேரி வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தினாள். "யார் வேணும்னாலும் ஓட்டலாமா?"

"இன்னா கேட்டுட்ட! எதுவும் தெரியாத மடையன்கூட ஓட்டலாம்!"

"ம்" என்றாள். "அப்போ ஓட்டிக் காட்டுங்க பார்க்கலாம்."

வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு ஷம்சாத்தும் வந்து நின்றாள். யேசுதாசன் லுங்கியை மடித்துக் கட்டினார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். சுவிட்சைப் போட்டார்.

மெஷின் ஒரு உறுமு உறுமியது. அவ்வளவுதான். இடப்பக்கம் பாய்ந்தது. யேசுதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கி இழுத்தார். அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது. பீரோவில் ஒரு இடி. டி.வி. ஸ்டாண்டில் ஒரு இடி. சோப்புத் தண்ணீர் நாலாபக்கமும் பீறிட்டது.

"டேய்! நில்றா! இன்னாடா நினைச்சுகினு இருக்க!" என்று லோடுமேன்களை அதட்டுகிற குரலில் மெஷினை அதட்டினார். லோடுமேன்கள் கேட்பார்கள். இது கேட்கவில்லை.

"அண்ணா, நீங்க மெஷினை ஓட்டுறீங்களா, மெஷின் உங்களை ஓட்டுதா?" என்றாள் ஷம்சாத்.

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த உறிஞ்சும் வாய் லுங்கியின் நுனியைப் பிடித்தது. தண்ணீரை உறிஞ்சுகிற அதே நாணயத்தோடு லுங்கியையும் உறிஞ்ச ஆரம்பித்தது. ஒரு கையில் மெஷின், ஒரு கையில் மானம். ஷம்சாத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். செல்வமேரி நிதானமாக நடந்து போய் சுவிட்சை அணைத்தாள்.

"பாவம்ங்க நீங்க. இத்தனை லோடு தூக்கினவரு, உங்களுக்கே இந்தப் பாடுன்னா எனக்கு எங்க வரப்போவுது? வேணாம். பாய்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க."

திருப்பிக் கொடுப்பதா? யேசுதாசன் வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுத்தார் என்று படப்பையில் பேச்சு வந்தால் அப்புறம் எந்த முகத்தோடு "பாதிக்கு வா" என்று சொல்வது?

"யாருக்கு வராது? எனக்கா? பாத்துகினே இரு!"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டினா கை எப்படிப் பழகும்? கார் கத்துக்கிற மாதிரி தினமும் ஓட்டணும்" என்று செல்வமேரி பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

தினமும் ஓட்டினார். கடையைச் சாத்திவிட்டு வந்து, வியர்வை காயாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓட்டினார். முழங்கை வலித்தது. காதுக்குள் உறுமல் தங்கிவிட்டது. சோறு மெல்லும்போது தாடைகூட அதே தாளத்தில் சுற்றியது. கோபித்துக்கொண்டு இரண்டு முறை உதைத்ததில் கால் கட்டைவிரல்தான் வீங்கியது. கடைசியில் ஒருநாள், கத்தவும் தெம்பில்லாமல் கையைத் தளர விட்டபோதுதான் அதன் சூட்சுமம் புரிந்தது. கைப்பிடியை லேசாகத் தூக்கினால் வலப்பக்கம் போகும். லேசாகத் தாழ்த்தினால் இடப்பக்கம் வரும். இறுக்கிப் பிடித்தால்தான் மல்லுக்கு நிற்கும். பிறந்ததிலிருந்து எதையும் லேசாகப் பிடித்துப் பழகாத மனிதருக்கு இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாளாகியிருக்கிறது.

பழைய மொசைக் தரை கண்ணாடியாகிவிட்டது. யேசுதாசன் அதில் முகம் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஞாயிறு அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீடாக, முறை வைத்துக் கூடி ஜெபம் சொல்லும் வழக்கம். ஜெபம் முடிந்து, சுண்டலும் டீயும் வந்தது. கிறிஸ்டினா டீச்சருக்கு ஜெபத்தின்போதே கண் தரையில்தான் இருந்தது.

"மேரி, இது உங்க பழைய மொசைக்கா? நம்பவே முடியலையே!"

"எல்லாம் அவரு கைவண்ணம் டீச்சர்."

யேசுதாசன் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்தியிருக்கக் கூடாது.

"அடுத்த வாரம் எங்க வீட்டு முறை. அண்ணன் கொஞ்சம் வந்து போனா..." என்று இழுத்தார் டீச்சர்.

"அடுத்த வாரம் என்ன டீச்சர்? எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்கு எல்லா ஞாயிறும் வந்துடுவாரு. மத்தியானமே வந்து துடைச்சுக் கொடுத்துடுவாரு. அதுல களைப்பே கிடையாதாம். தூங்கி எழுந்த மாதிரி இருக்குமாம்."

யேசுதாசனுக்குச் சுர்ரென்று ஏறியது. முடியாது என்று ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் முடிந்தது கதை. சபதம்கூட ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார். ஆனால் அது எத்தனையோ வருஷம் ஒரே பாட்டைப் பாடிப் பழகிய வாய்.

"எல்லா ஞாயிறுமா? பாதிக்கு வா!"

"சரிங்க, பாதி" என்றாள் செல்வமேரி. இந்தத் தடவை பெருமூச்சுகூட விடவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றார் டீச்சர்.

எல்லோரும் போனபிறகு யேசுதாசன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். மெஷினின் உறுமல் கேட்டது. காதுக்குள் தங்கிப்போன சத்தம்தான் என்று சும்மா இருந்தார். நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

செல்வமேரி கூடத்தில் சிந்தியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன். யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள். மறு கையின் இரண்டு விரல் கைப்பிடியில். லேசாகத் தூக்கினாள், வலப்பக்கம் போனது. லேசாகத் தாழ்த்தினாள், இடப்பக்கம் வந்தது. வளர்த்த ஆட்டுக்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே போய் மூலையில் நின்றது.

"மேரி..." நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"ஒரு நிமிஷம்" என்று போனைக் கையால் மூடிக்கொண்டாள் செல்வமேரி. "எதுவும் தெரியாத மடையன்கூட ஓட்டலாம்னு நீங்கதானேங்க சொன்னீங்க? அதான் உங்ககிட்டயே விட்டுட்டேன்."