ஞானையா காரின் ரத்தப்போக்கு

"என்னங்க, உங்க கார் ரத்தம் கக்கியிருக்கு," என்றாள் ரத்தினபாய்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. வாயில் பிரஷ்ஷோடு ஞானையா போர்டிகோவுக்கு ஓடினார். வெள்ளைக் காரின் வயிற்றுக்கு நேர் கீழே, தரையில், எட்டணா அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பொட்டு. தொட்டார், வழவழத்தது. மோந்தார், நெடி அடித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் நக்கியும் பார்த்திருப்பார், வாயில் நுரை இருந்ததால் தப்பினார்.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். கியர்பாக்ஸ் ஒழுகுது."

"அப்போ சனிக்கிழமை ஊருக்கு?"

அதுதான் ஞானையாவின் கவலையும். சனிக்கிழமை விடிகாலையில் சேலையூரிலிருந்து கிளம்பி, அறுநூற்றைம்பது கிலோமீட்டரைத் தானே ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை அசன விருந்துக்குச் சொந்த ஊர் வேதக்கோவில் வாசலில் போய் இறங்குவது என்று மூன்று மாதமாகத் திட்டம். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடும் நாள் அது. குழம்பு அவருக்குப் பெரிதில்லை. பெரியப்பா மகன் அசரியா வருவான். வருஷம் தவறாமல் புதுக் கார் ஒன்றைக் கோவில் வாசலில் நிறுத்திவிட்டு, "ஞானையா, நீ இன்னும் ரயில்லதான் வாரியா?" என்று நாலு பந்திக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஞானையா இந்தக் காரையே வாங்கினார்.

வாங்கினாரே தவிர, ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கிடையாது என்பதை அவர் மூளைதான் ஒப்புக்கொண்டது. இடது கால் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கும். கார் ஆணியடித்த மாதிரி நிற்கும். போன மாதம் குரோம்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனதில் ரத்தினபாயின் நெற்றி டாஷ்போர்டில் பதினோரு தடவை வணக்கம் சொன்னது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது.

"பேசாம ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க," என்றாள் ரத்தினபாய். "இதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும்."

தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த ஞானையா, அதுவரை கவரைத் தவிர வேறு எதையும் பிரித்ததில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எந்தப் புருஷன் மெக்கானிக்கைக் கூப்பிடுவான்?

"எனக்கா தெரியாது?" என்று செல்போனில் வீடியோ தேடினார்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவருடைய கராஜுக்குள் ஞானையாவின் வீட்டையும் பக்கத்து இரண்டு வீட்டையும் காம்பவுண்டோடு தூக்கி வைக்கலாம். அவர் காரைப் பொத்தான் அமுக்கி மேலே ஏற்றினார். ஞானையா எதிர்வீட்டுக் குப்புராஜிடம் நாலு சிமென்ட் பிளாக்கும் இரண்டு பலகையும் இரவல் வாங்கி ஏற்றினார். தாம்பரம் பக்கம் வயல்களெல்லாம் மனைகளான புண்ணியத்தில் குப்புராஜுக்கு வாடகை வருமானம் தாராளம். அதைவிடத் தாராளம் அவருடைய யோசனை.

"கீழ ஒரு போல்ட் கீது பாருங்க சார், அத்த டைட்டு பண்ணா முடிஞ்சுது மேட்டர்," என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஞானையா முறுக்கினார். மூச்சு வாங்கும் வரை முறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பொட்டு சாசர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"நேத்தைவிட ஜாஸ்தி," என்றாள் ரத்தினபாய், காப்பியை நீட்டியபடி. "நீங்க தொட்டதிலதான் இப்படி ஆயிடுச்சோ?"

"சோப்பு போடுங்க சார்," என்றார் குப்புராஜ். "நம்ம டிராக்டர்ல டீசல் டேங்கு ஓட்டையானப்ப பார் சோப்பதான் அப்பினோம். அந்த டிராக்டர் செத்துப்போச்சு, சோப்பு இன்னும் கீது."

துணி சோப்பு அரைக்கட்டி அப்பப்பட்டது. புதன்கிழமை காலையில் சாப்பாட்டுத் தட்டு அளவு சிவப்பு. ஞானையா ஆத்திரத்தோடு வாளித் தண்ணீரை ஊற்றியதும் சோப்புக் கரைந்து போர்டிகோ முழுக்க ரோஜா நிற நுரை. அழகாகத்தான் இருந்தது.

இனி இரக்கமே கூடாது என்று முடிவு செய்தவர், ஸ்பானரோடு ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, போல்ட்டை மறுபடி முறுக்கினார். கடைசிச் சுற்றில் உள்ளே எதுவோ 'களுக்' என்றது. அதன் பிறகு போல்ட் சாம்பாரில் கரண்டி மாதிரிச் சுகமாகச் சுற்றியது. மரை போய்விட்டது. சிவப்பு எண்ணெய் நூல் பிடித்து இறங்கியது.

ரத்தினபாய் குனிந்து பார்த்தாள். முதல்முறையாக அவள் முகம் மாறியது.

"என்னங்க, இப்ப நெஜமாவே ஒழுகுதே."

"அதைத்தானே மூணு நாளா சொல்லிட்டிருக்கேன்," என்று கீழேயிருந்து கத்தினார் ஞானையா.

வியாழக்கிழமை பெரிய ஆபரேஷன். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, நடுவில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினால் தீர்ந்தது என்றார் வெள்ளைக்காரர். தட்டைக் கழற்றும்போது முகத்தை எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சொன்னார். ஆனால் அதற்குள் விளம்பரம் வந்துவிட்டதால் ஞானையா செல்போனை வைத்துவிட்டார். கடைசி போல்ட் கழன்றதும் ஒழுகியது போக மிச்சமிருந்த எண்ணெய் முழுதும் ஒரே தவணையில் அவர் முகத்தில் இறங்கியது.

காருக்கடியிலிருந்து தலை முதல் இடுப்பு வரை சிவப்பாக ஊர்ந்து வந்த உருவத்தைப் பார்த்துக் குப்புராஜ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"சார், எங்க அடிபட்டுச்சு? வாயில பேச்சு வருதா?"

"எண்ணெய்ங்க."

"எண்ணெயா? நான் நூத்தியெட்டுக்கு அடிச்சிட்டேனே."

ஆம்புலன்ஸ்காரர்களைச் சமாதானம் பண்ணி, குப்புராஜ் செலவில் டீ கொடுத்து அனுப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எண்ணெயை உறிஞ்ச மூட்டை மரத்தூள் கொட்டி, தூள் செக்கச்செவேலென்று ஊறியதும் அதை கேட் பக்கம் குவித்தார் ஞானையா. கையில் பிசுபிசுப்புப் போக எலுமிச்சம்பழம் நல்லது என்று குப்புராஜ் சொன்னார். நாலு பழத்தை அறுத்துத் தேய்த்து, மூடிகளை டயர் ஓரமாகப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்தார் தபீதாள் டீச்சர், சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. காரைப் பார்த்தார். கேட் ஓரம் குங்குமம் மாதிரிக் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். டயரடியில் சிவந்த எலுமிச்சை மூடிகளைப் பார்த்தார். பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த குப்புராஜையும் பார்த்தார்.

"பூசணிக்காயும் உடைச்சாச்சா, பிரதர்?" என்றார்.

"டீச்சர், இது கியர் ஆயில். இது மரத்தூள்."

"எலுமிச்சம்பழமும் கியருக்குத்தானா?"

ஞானையா விளக்கிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் தெருமுனை தாண்டிவிட்டார். செய்தி அவருக்கு முன்னாலேயே தாண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஆயர் போன் பண்ணினார். "ஐயா, பிரயாணம் என்றால் பயம் வரும்தான். அதுக்காகத் திருஷ்டி கழிக்கிற அளவுக்குப் போயிருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

"ஆயரே, எனக்கு இப்ப ஜெபம் வேண்டாம், கேஸ்கட் வேணும்," என்றார் ஞானையா. இதுவும் சபைக்குள் தப்பாகவே போய்ச் சேர்ந்தது.

கேஸ்கட் தாம்பரத்தில் கிடைக்கவில்லை. ஞானையா அசரவில்லை. போன வருஷத்துச் சபைக் காலண்டரின் அட்டையை எடுத்து, தட்டை அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, கத்தரியால் வெட்டி, இருபத்தோரு ஓட்டையும் போட்டார். வேலை அத்தனை நேர்த்தி. ஒழுகாமல் இருக்க வேண்டிய இடத்தில் அட்டையை வைக்கலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மரை போன துவாரத்தை எம்சீல் வைத்து அடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றி, காரைக் கீழே இறக்கி, ஸ்டார்ட் செய்தார். பிடித்துக்கொண்டது. ஞானையாவின் கண்ணில் கோவில் வாசலும், அசரியாவின் தொங்கிய மோவாயும் தெரிந்தன. லீவரை முன்னால் போகிற கியரில் போட்டார். கார் உறுமியது, அசையவில்லை. இரண்டு தடவை போட்டார். அசையவில்லை. ரிவர்ஸில் போட்டார்.

அதில் மட்டும் பிரமாதமாகப் போயிற்று. திறந்திருந்த கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, குப்புராஜ் மாடி கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் மணலில் பாதி உடம்பு புதைந்தபின்தான் நின்றது. பிரேக்கை மிதிக்க வேண்டிய ஒரே ஒரு தருணத்தில், அந்த இடது கால் அசையாமல் இருந்தது.

"விடுங்க சார்," என்றார் குப்புராஜ். "ரிவர்ஸ்லயே ஊருக்குப் போயிடுங்க. உங்க அண்ணன் முன்னாடி நிறுத்தினா திரும்பறதுக்கு ரெடியா நிக்கும்."

அவரே பம்மலிலிருந்து சக்திவேல் என்ற மெக்கானிக்கை வரவழைத்தார். சக்திவேல் மணலில் படுத்து, உள்ளே கைவிட்டு, ஊறிப்போன ஒரு அட்டைத் துண்டை உருவினான். அதில் பிப்ரவரி மாத விடுமுறை நாட்கள் தெரிந்தன.

"இன்னா சார் இது, கியர்பாக்ஸ்ல காலண்டர் கீது?"

"கேஸ்கட்."

சக்திவேல் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மணலில் வைத்தான். பிறகு கேட்டான்: "மொதல்ல எங்க சார் ஒழுகிச்சு?"

"கீழதான்."

"கீழ வுழுந்தது சரி. மேல எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தியா?"

ஞானையா யோசித்தார். ஐந்து நாளில் அதை அவர் பார்க்கவே இல்லை.

"பத்து நாளாவும் சார்," என்று சொல்லி, காரைக் கட்டி இழுத்துப் போனான் சக்திவேல். முன்பக்கமாக இழுத்தான், அந்த வாரம் கார் முன்னால் போனது அப்போது மட்டும்தான்.

ஞானையா சோபாவில் சரிந்தார். "அசனம் போச்சு. அசரியாவுக்கு என்ன பதில் சொல்வேன்."

"ரயில் இருக்கே," என்றாள் ரத்தினபாய். "ரெண்டு மாசம் முன்னாடியே சும்மா போட்டு வெச்சேன். ரெண்டும் லோயர் பெர்த்."

துக்கத்தில் இருக்கிறவனுக்குத் தேதிக் கணக்கெல்லாம் உறைக்காது. ஞானையா அவள் கையைப் பிடித்து, "நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்," என்றார்.

சனிக்கிழமை மாலை, தாம்பரம் ஸ்டேஷன். ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம். எண்ணெய் ஏறிய காதுகளோடு ஞானையா, பக்கத்தில் அகப்பட்ட ஒரு முன்பின் தெரியாத ஆளுக்குக் கியர்பாக்ஸ் ஒழுகலின் சூட்சுமங்களை விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் ரத்தினபாயைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். மகளை ரயிலேற்றிவிட வந்தவள்.

ரத்தினபாய் திடீரென்று சிக்னலைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் ஞானையா.

"பேபி, சார். குரோம்பேட்டையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன். அக்கா போன வாரம் கடைக்கு வந்தாங்க, மறக்கவே முடியாது."

"எதுக்கு வந்தா?"

"சிவப்பு ஆயிலுக்குத்தான் சார். எல்லாரும் காருக்குள்ள ஊத்தறதுக்கு எவ்வளவு வேணும்னுதான் கேப்பாங்க. தரையில தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா அஞ்சு நாளைக்கு எவ்வளவு வேணும்னு கேட்டு வாங்கினது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான்."