கட்டுப்பாட்டுக் குழு

சக்கரம் கண்டுபிடித்தவன் பெரியவனா, நெருப்பு கண்டுபிடித்தவன் பெரியவனா என்று உலகம் வீணாகச் சண்டை போடுகிறது. இருவருமே போடிநாயக்கனூர் 'ஆய்வு வடிவத் தேர்வுக் குழு'வுக்கு உறை போடக் காணாது. அக்குழுவின் செயலாளர் அடியேன்.

ஏலக்காய்க் காட்டில் பாம்பு கடித்தால், ஜீப்பில் வளைவெல்லாம் சுற்றிப் போடிக்கு வந்துசேர ஒன்றரை மணி நேரமாகிறது. மலையிலேயே ஒரு நர்ஸையும் விஷமுறிவு ஊசியையும் வைத்தால் உயிர் பிழைக்குமா? இதைக் கண்டறிய எந்த ஆய்வு முறை சிறந்தது என்பதே எங்கள் முன்னிருந்த கேள்வி.

"மலையில இருக்குறதெல்லாம் கொண்டை ஊசிதான் சார். அந்த ஊசியையும் வச்சாப் பொழைச்சுக்குவாக" என்றார் ஜீப் டிரைவர் கன்னையன். தான் இறக்கிய பிணங்களின் கணக்கையும் சொன்னார். முறையாகச் சேகரிக்கப்படாத தகவல் என்பதால் அதை ஏற்கவில்லை.

எட்டுக் கூட்டங்கள் நடந்தன. 'முன்-பின் ஒப்பீடு' என்றார் ஓர் உறுப்பினர். முன்னால் செத்தவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கவில்லை என்பதால் கைவிட்டோம். கடைசியில் மதுரைப் புள்ளியியல் நிபுணர் ராம்பிரசாத் குலுக்கல் முறையை அருளினார். மேலத்தோட்டம், கீழத்தோட்டம் என்று இரண்டு சீட்டு. நர்ஸும் ஊசியும் மேலத்தோட்டத்துக்கு விழுந்தன. ஊசி இல்லாத கீழத்தோட்டத்தை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அறிவியல் வழக்கப்படி 'கட்டுப்பாட்டுக் குழு' என்று அறிவித்து நோட்டீஸ் ஒட்டினோம்.

மறுநாளே கீழத்தோட்டத்துப் பெண்கள் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். பாராட்டு விழா என்று நினைத்து நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அய்யா, தப்புக் கட்ட வந்திருக்கோம். எங்க மேல எதுக்குக் கட்டுப்பாடு போட்டீக?" என்றாள் முன்னால் நின்ற முனியாயி.

எனக்கு விளங்கிவிட்டது. இதை ஊரை விட்டு ஒதுக்கிவைக்கும் ஊர்க்கட்டுப்பாடு என்று நினைத்து, அபராதம் கட்டி மீள வந்திருக்கிறார்கள். பாமரர்கள்.

"குற்றமெல்லாம் இல்லையம்மா. குலுக்கலில் விழுந்தது."

"குத்தமே இல்லாமக் கட்டுப்பாடா? எங்கூர்ல மகாராஜன்னு ஒருத்தன் வீட்டை ஒதுக்குனப்பக்கூடக் காரணத்தைச் சொல்லித்தான ஒதுக்குனாக. சரி, எங்காளுகளப் பாம்பு கடிச்சா மேலத்தோட்டத்து ஊசியப் போடுவீகளா?"

"போட்டால் ஆய்வில் கலப்படமாகிவிடும்."

முனியாயி இருபது வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவள். கலப்படம் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும். "எம்புட்டு நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"போதிய எண்ணிக்கை சேரும் வரை."

"எது சேரணும்?"

நான் கோப்பைப் புரட்டினேன்.

அடுத்த வாரம் கீழத்தோட்டத்தில் கட்டுப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போன ராம்பிரசாத்தையே பாம்பு கடித்துவிட்டது. "மேலத்தோட்டத்துக்குத் தூக்குங்க" என்று அலறினார்.

"கலப்படமாயிருமே அய்யா" என்றாளாம் முனியாயி. சொன்னாளே தவிர நிற்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு அவளே தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் ரேணுகா ஊசி போட்டார். நிபுணர் பிழைத்தார்.

ஒன்பதாவது கூட்டத்தை மலையிலேயே, கீழத்தோட்டத்தில் கூட்டினோம். கால் வீங்கிய நிலையிலும் ராம்பிரசாத் நேர்மை தவறவில்லை. "ஒருவர் பிழைத்தது ஆதாரமாகாது. நான் இந்தத் தோட்டத்துத் தொழிலாளியும் இல்லை. ஆய்வு தொடரட்டும்." கண்ணீர் மல்கக் கைதட்டினோம். வெளியே நின்ற பெண்கள் கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்து ஜீப்பில் ஏறப் போனோம். ராம்பிரசாத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு கன்னையன் கதவைச் சாத்தினார்.

"கடிபட்ட மனுசனுக்கு மட்டுந்தான் சார் எடம். உங்களக் கட்டுப்பாட்டுல வச்சிருக்காக. ஏத்துனாக் கலப்படமாயிரும்."

முனியாயி தாம்பாளம் இல்லாமல் வந்து நின்றாள்.

"எவ்வளவு நாளைக்கம்மா?" என்றேன்.

"போதுமான எண்ணிக்கை சேர்ற வரைக்கும்."

புதரைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, இப்போது மலையை நடந்தே இறங்கிக்கொண்டிருக்கிறோம். செயலாளர் என்ற முறையில் அவர்கள் ஆய்வு முறையிலுள்ள ஒரு பெருங்குறையைப் பதிவு செய்கிறேன். எங்களை அவர்கள் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. குற்றத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.