முந்நூற்றுத் தொண்ணூறாம் பிரிவு மாப்பிள்ளை

படித்த பெண்ணிடம் ஒரு கடதாசியைக் கொடுத்தால் அவள் வாசிக்கத்தான் செய்வாள். வாசித்தது பிழைத்துப்போனால் எழுதியவனைக் கேட்க வேண்டும். இதை நான் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஏற்பதாயில்லை. அதற்காக நான் நிறுத்தப்போவதுமில்லை.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு எனக்குக் கலியாணம் பேசினார்கள். பையன் பருத்தித்துறை. திருகோணமலையில் படைக் களஞ்சியத்தில் பொறுப்பாக இருந்து, சண்டை முடியுமுன்னரே விலகி வந்தவர். சாதகம் பொருந்தியது. ஐயாவுக்கு அது போதாது. அவர் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர். கடதாசி இல்லாத மனிதரை அவர் நம்புவதில்லை. (அம்மாவைக் கலியாண எழுத்துப் பதிந்த பிறகுதான் நம்பினார் என்று அம்மாவே சொல்லுவா.) “படையாலை விட்ட பத்திரம் இருந்தால் கொண்டுவரட்டும்” என்று சொல்லி அனுப்பினார்.

பத்திரம் வந்தது. கூடவே மாப்பிள்ளையும் வந்தார். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை தானே வருவது அப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவருடைய அக்காவும் வந்து, கதிரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு இருந்தா.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆகவே வாசிக்கும் பொறுப்பு எனக்கு. அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பத்திரத்துடன் அவருடைய இடப்பக்கமாகப் போய் நின்றேன்.

பெயர், ஊர், உயரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நடத்தை மிகத் திறம் என்று போட்டிருந்தது. ஆனால் விலக்கியதற்குக் காரணம் என்ற இடத்தில் காரணமே இல்லை. “பந்தி 390 (xvi)” என்று ஓர் இலக்கம். அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் இன்னொருவரும் படையிலிருந்து வந்திருந்தார். அவருடைய பத்திரத்தையும் நான்தான் வாசித்துக் கொடுத்தேன். அவரை ‘இசட் வகுப்பு றிசேவ்’ என்று போட்டிருந்தார்கள். தேவைப்பட்டால் படை திரும்பவும் கூப்பிடும் என்பது அதன் பொருள். இவருக்கோ எந்த வகுப்பும் இல்லை. இங்கிலீசு அரிச்சுவடியின் கடைசி எழுத்துக்கூட அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. திரும்பக் கூப்பிடவே கூடாத ஆள் என்றால் என்ன செய்திருப்பார்?

ஐயாவின் அலுமாரியில் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இருந்தது. அரசருடைய பெயரில் வரும் இலக்கமெல்லாம் ஒரே புத்தகத்து இலக்கம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. முந்நூற்றுத் தொண்ணூறாம் பிரிவை எடுத்துப் பார்த்தேன். தன் பொறுப்பில் விடப்பட்ட பொருளைக் களஞ்சியக்காரன் மோசடி செய்தல்.

களஞ்சியக்காரன்! (அந்தப் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.) அடைப்புக்குறிக்குள் இருந்த பதினாறு எத்தனை தரம் என்ற கணக்காகத்தானே இருக்க வேண்டும்?

திரும்ப அதே இடப்பக்கத்தில் வந்து நின்று சபை நடுவில் சொன்னேன். “ஐயா, உவர் களஞ்சியச் சாமான் களவெடுத்து விலக்கப்பட்டவர். பதினாறு தரம்.” பிறகு அவரைப் பார்த்து, “உண்மைதானே?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகச் சிரித்து, “ஓம்” என்றார்.

இப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரனை நான் கண்டதில்லை.

அவருடைய அக்காவின் கையிலிருந்த தேத்தண்ணீர்ப் பேணி சரிந்தது. “எடே தம்பி, காது மட்டுந்தான் எண்டு எங்களுக்குச் சொன்னனி. களவையும் ஏன்ரா ஒளிச்சனி?”

“என்ன காது?” என்றார் ஐயா.

மாப்பிள்ளை மெல்லத் திரும்பி வலக்காதை எங்கள் பக்கம் கொண்டுவந்தார். “என்ன கதைக்கிறியள்?”

அக்கா உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னா. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“களஞ்சியத்துக்குப் பக்கத்திலை குண்டு விழுந்தது. இடக்காது கேளாமப் போட்டுது. உடம்பு படைக்கு ஏலாது எண்டு விட்டவங்கள். அதுதான் உந்த இலக்கம். படைக்கு வேறை சட்டப் புத்தகம் இருக்கு. காதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் எண்டு அக்கா மறிச்சவ. உங்களுக்கு இங்கிலீசு தெரியும் எண்டு கேள்விப்பட்டன். பத்திரத்தைத் தந்தா நீங்களே அறிஞ்சுகொள்ளுவியள் எண்டுதான் நானே கொண்டுவந்தனான்.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது பிளக்காதபடியால் நான் பேச வேண்டியதாயிற்று.

“காரணம் கேட்ட இடத்திலை இலக்கத்தைப் போட்டா ஆருக்கு விளங்கும்?”

“எனக்கும் விளங்கேல்லை. அங்கை இருந்த ஒரு கிளாக்கர்தான் சொன்னவர்” என்றார் அவர்.

அக்கா எழுந்துவிட்டா. “வா தம்பி. கள்ளன் எண்ட வீட்டிலை எங்களுக்கு என்ன வேலை?”

அவர்கள் படலையைத் தாண்டினால் என் கதை ஊரெல்லாம் போகும். மாப்பிள்ளையைக் கள்ளனாக்கிய பெண்ணைப் பிறகு எவன் கேட்டு வருவான்? அதைவிட, தானே வந்து உண்மையைக் கையில் தந்த ஒரு மனிதர் போய்விடுவார். அழுதிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வந்தது கோபம்.

“செவிட்டை ஒளிச்சுக்கொண்டு வந்தது நீங்கள், மச்சாள். நான் புத்தகத்தைத்தான் மாறிப் பாத்தனான். ஒளிப்பு இருக்கெண்டு கண்டுபிடிச்சனா இல்லையா?”

(இன்னும் நிச்சயமாகாத கலியாணத்தில் மச்சாள் என்றதை நான் கவனிக்கவில்லை. அவ கவனித்தா.) ஐயா சட்டக்கோவையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை சிரித்தார். “இரு அக்கா. இவ கதைச்சது செவிட்டுக் காதிலையும் கொஞ்சம் கேட்டது. எனக்கு இவதான் வேணும்.”

ஐயா புத்தகத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார். “ஓம்” என்றேன். என் வாழ்க்கையில் நான் மெதுவாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

எங்கள் கலியாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், முறைப்படி ஐயர் என்னை எழுப்பி அவருடைய இடப்பக்கத்தில், அந்தக் கேளாக் காதுப் பக்கம், மாற்றி இருத்தினார். “இவ்வளவு நாளும் படையிலை பட்ட பாட்டுக்குக் கடவுள் தந்த விடுதலை இதுதான்” என்று பக்கத்தில் நின்ற சிநேகிதனிடம் மாப்பிள்ளை சொன்னாராம். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், பெண்ணை இடப்பக்கம் மாற்றும் அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் மாத்திரம் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திப் பார்ப்பார். மச்சாளுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிடும்.

நான் சிரிப்பதில்லை. நிமிர்ந்தே இருப்பேன், அவருடைய வலப்பக்கத்தில்.